பிரஷர் மாத்திரையும் பக்கவாதமும்: நாட்குறிப்பு

3 ஜூன் 2024, திங்கள்

ஆம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்குக் கணுக்கால் வீங்கினால் "கிட்னி போச்சு" என்று முதலிலேயே பதற வேண்டியதில்லை. இந்த மாத்திரை சிறு தமனிகளை விரிக்கும். சிரைகளை அந்த அளவு விரிக்காது. இடையிலுள்ள நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் கசிகிறது. அதனால்தான் நீர் பிரியும் மாத்திரை போட்டாலும் வீக்கம் சரியாக வடிவதில்லை. 10 மி.கி.யை 5 ஆக்கினாலோ டெல்மிசார்டான் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையைச் சேர்த்தாலோ பெரும்பாலும் குறையும். அதை டாக்டர் பார்த்துச் செய்யட்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் என்றால் கதை வேறு, ரத்தக்கட்டாக இருக்கலாம்.

4 ஜூன்

எனலாப்ரில், ராமிப்ரில் என்ற பிரஷர் மாத்திரைகளால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். எத்தனை பாட்டில் சிரப் குடித்தாலும் நிற்காது. மாத்திரையை மாற்றினால் பொதுவாக 1 முதல் 4 வாரத்தில் போய்விடும்.

7 ஜூன், வெள்ளி

"பிரஷர் நார்மல், மாத்திரையை விட்டுட்டேன்" என்பார்கள் சிலர். நார்மலாக வைத்திருந்ததே அந்த மாத்திரைதான். ஆம்லோடிபின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஒரு வேளை தவறினால் பெரிதாகத் தெரியாது. அடெனலால், மெட்டோபிரலால் என்ற பிரஷர் மாத்திரைகள் அப்படியல்ல. சட்டென்று நிறுத்தினால் நாடி எகிறும், நெஞ்சுவலி வரலாம். குளோனிடின் என்ற பிரஷர் மாத்திரையை அப்படி நிறுத்தினால் இன்னும் மோசம்: ஓரிரு நாளில் பிரஷர் பழைய அளவையே தாண்டிவிடும்.

12 ஜூன், புதன்

வாய் கோணியவரைப் புருவம் தூக்கச் சொன்னால் ஒரு துப்பு கிடைக்கும். நெற்றியும் சேர்ந்து ஒரு பக்கம் செத்துக் கிடந்தால் முகநரம்பு வாதமாக இருக்கலாம். நெற்றி சுருங்கி, வாய் மட்டும் கோணி, கை தொங்கி, பேச்சு குழறினால் கோளாறு மூளையில், அதாவது பக்கவாதமாக இருக்கலாம். மேல்முகத் தசைக்கு மூளையின் இரு பக்கமிருந்தும் கட்டளை வருவதால் நெற்றி தப்பிக்கிறது. ஆனாலும் வீட்டில் தீர்ப்பு எழுத வேண்டாம், எதுவானாலும் 108.

இரண்டு காலும் ஒருசேர விழுந்தால் தண்டுவடத்தைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். ஃப்ரூஸ்மைட், ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் பிரியும் மாத்திரைகளை எடுப்பவருக்குப் பொட்டாசியம் மிகவும் இறங்கினாலும் கை கால் தளரும். உணர்ச்சி மட்டும் அப்படியே இருக்கும்.

13 ஜூன்

பக்கவாதம் வந்த நேரத்தில் பிரஷர் 190 காட்டுகிறது என்று கூடுதல் மாத்திரை கொடுப்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. அடைபட்ட ரத்தக்குழாய்க்கு அப்பால் மூளை அந்த அழுத்தத்தை நம்பித்தான் பிழைத்திருக்கிறது. பிரஷரை வேகமாக இறக்கும் நிஃபெடிபின் கேப்சூலைக் கடித்து நாக்கடியில் வைப்பது பழைய பழக்கம். பிரஷர் பாதாளத்துக்கு இறங்கி, தப்பியிருக்கும் பகுதியும் சாகும். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போடுவதானால் 185/110க்குக் கீழே கொண்டுவருவார்கள். ஊசி இல்லையென்றால், வேறு அவசரம் இல்லாதவரை, 220/120 வரை பொறுப்பார்கள். ஆஸ்பிரினும் கூடாது: உள்ளே அடைப்பா, ரத்தக் கசிவா என்று சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். தண்ணீர்கூட வேண்டாம், விழுங்க முடியாமல் நுரையீரலுக்குப் போய்விடும்.

அந்த ஊசி போடுவதற்கான 4.5 மணி நேரக் கெடு, கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து ஓடும். தூக்கத்தில் வந்திருந்தால் படுக்கப்போன நேரத்தைச் சொல்ல வேண்டும். வாதத்துக்கு வைத்தியமென்று புறா ரத்தம் தேடிப் போகிறவர்கள் இழப்பது இந்த நேரத்தைத்தான்.

18 ஜூன்

வாதம் வந்தவருக்கு பிரஷரை நல்ல கையில் பாருங்கள். விழுந்த கையில் அளவு மாறிக் காட்டலாம்.