அப்பத்தா ஜாதகத்தில் காணாமல்போன ஒரு மணி நேரம்

லக்னம் உட்கார்ந்துவிட்டது! பிறக்கும் நேரத்தில் கிழக்கே உதிக்கிற ராசிதான் லக்னம். மூன்று மாதமாகத் தனுசு, தனுசு என்றே அடம்பிடித்த ஜாதக மென்பொருள் நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு விருச்சிகம் காட்டியது. வீட்டில் எல்லாரும் தூக்கம். சொல்ல ஆளில்லாமல் போய் ஒரு காபி போட்டுக் குடித்தேன்.

குடும்ப ஆல்பத்தில் ஆளுக்கொரு 'பிறந்தபோது உலகம்' பக்கம் செய்துகொண்டிருக்கிறேன். அப்பா, அத்தைமார் பக்கங்கள் சுலபமாக முடிந்தன. அப்பத்தாவிடம்தான் மாட்டிக்கொண்டேன். ஆதாரில் 1-6-1945. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட தேதி என்பது பார்த்தாலே தெரியும். கையில் இருப்பது பூட்டனாரின் கணக்கு நோட்டு. மானாமதுரை ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். மூலையில் மஞ்சள் தடவிய பக்கத்தில், 'சித்திரபானு வருஷம் ஐப்பசி மாதம்' என்று தொடங்கி, தேதி இருந்த இடத்தைப் பூச்சி தின்றுவிட்டு, மறுபடி 'செவ்வாய்க்கிழமை ரோகிணி உதயாதி நாழிகை 7¾' என்று முடிகிறது. உதயாதி என்றால் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவது. அதற்குக் கீழே வேறு மையில், 'ஸ்டேஷன் மணி காலை 10-15'. பக்கத்தில் ராசிக் கட்டம். லக்னம் விருச்சிகத்தில், சந்திரனும் சனியும் ரிஷபத்தில்.

தேதி கண்டுபிடிப்பது ஒரு சாயங்கால வேலை. சித்திரபானு என்றால் 1942 சித்திரை முதல் 1943 பங்குனி வரை. அந்த ஐப்பசியில் ரோகிணி ஒரே தடவைதான் வருகிறது: 1942 அக்டோபர் 27, செவ்வாய். சனியும் சாட்சி சொல்கிறது. 1945 ஜூனுக்குள் அது மிதுனத்துக்குப் போய்விட்டது. ஆக ஆதார் அவுட். அப்பத்தாவுக்கு இரண்டரை வயசு கூடிவிட்டது. இதை அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.

வம்பு பண்ணியது மணிதான். மானாமதுரையில் அன்றைக்குச் சூரிய உதயம் சுமார் 6.08. நாழிகைக்கு 24 நிமிஷம் வீதம் 7¾ நாழிகைக்கு 186 நிமிஷம். கூட்டினால் காலை 9.14. ஆனால் நோட்டில் 10.15! ஜோசியர் போட்ட நாழிகைக்கு விருச்சிகம் சரியாக வருகிறது. ஸ்டேஷன் மணியைப் போட்டால் தனுசு. இரண்டில் ஒன்று பொய்.

முதலில் பழைய மதராஸ் நேரமோ என்று சந்தேகப்பட்டேன். அதற்கும் இன்றைய நேரத்துக்கும் வித்தியாசம் ஒன்பது நிமிஷம்தான், உதவாது. அப்புறம் முக்கால் குறியைக் கால் என்று மாற்றிப் படித்துப் பார்த்தேன், வித்தியாசம் இன்னும் கூடியது. வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கக் கணித முறையையும் மாற்றி மாற்றிப் போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீண். பூட்டனார் தூக்கக் கலக்கத்தில் எழுதியிருப்பார் என்றுகூட முடிவுகட்டினேன். மன்னிக்கணும் பூட்டனாரே.

விடை மென்பொருளிலேயே இருந்தது. பிறந்த நேரம் போடும் பெட்டிக்குக் கீழே 'வார் டைம்' என்று ஒரு சின்னக் கட்டம். நாலு வருஷமாகக் கண்ணில் பட்டும் நான் தொடாத கட்டம். யுத்தத்துக்காக 1942 செப்டம்பர் 1 அன்று நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார்கள். 1945 அக்டோபர் 15 வரை அப்படியே ஓடியது. ரயில்வேக்காரரின் கடிகாரம் சர்க்கார் நேரம்தானே காட்டும்! 10.15-இல் ஒரு மணி கழித்தால் 9.15. ஜோசியருக்கும் பூட்டனாருக்கும் ஒரே ஒரு நிமிஷம் வித்தியாசம். அந்த மூன்று வருஷத்தில் பிறந்தவர்களின் ஜாதகத்தைக் கடிகார மணியை நம்பிப் புதிதாகக் கணித்திருந்தால், தயவுசெய்து மறுபடி பாருங்கள்.

சரி, பக்கத்துக்கு வருகிறேன். 'அன்றைய உலகச் செய்திகள்' என்று அச்சடித்து ஒட்டுவது எனக்குப் பிடிக்காது. எகிப்தின் எல் அலமைனில் நாலு நாள் முன்பு சண்டை தொடங்கியது மானாமதுரைத் திண்ணைக்கு எதற்கு? அங்கே எட்டியது வேறு. மார்ச்சில் ரங்கூன் ஜப்பான்காரன் கையில் விழுந்தது, பர்மா அரிசி நின்றது. செட்டிநாட்டுக்காரர்கள் கடையையும் வயலையும் விட்டுவிட்டு, பலர் காடு மலை தாண்டி நடந்தே ஊர் திரும்பினார்கள். ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழ, பட்டணத்துச் சனம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில், மானாமதுரை அப்போது இருந்த அதே ராமநாதபுரம் ஜில்லாவில் தேவகோட்டை கோர்ட்டு எரிந்தது, திருவாடானை ஜெயிலை ஜனங்கள் உடைத்தார்கள். இவ்வளவும் நடந்து முடிந்த ஐப்பசியில் அப்பத்தா பிறந்தார்கள். 'குண்டு போடுறான்னு பட்டணமே ஓடியாந்த வருசம்ப்பா' என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்ததை, ஆதாரை நம்பி நான்தான் காதில் வாங்கவில்லை.

ஒரு கதையை மட்டும் வெட்டவேண்டியதாயிற்று. மருத்துவச்சிக்கு ஓட்டைக் காலணாவை மாலையாகக் கோத்துக் கொடுத்தார்களாம். அருமையான காட்சி, ஆனால் ஓட்டைக் காலணா வந்ததே 1943-இல். அது தம்பி பிறந்தபோது நடந்திருக்கலாம். அதற்குப் பதிலாக 1942 போட்ட சதுர அரையணா ஒன்று வாங்கினேன். மதுரையில் ஒரு நாணயக்காரர் நூற்றைம்பது கேட்டார், கறுத்துப்போனதுதான் வேண்டும் என்றதும் நூறுக்கு இறங்கினார். பாலீஷ் போட்டுப் பளபளவென்று வைத்திருப்பதை வாங்காதீர்கள், புளி போட்டுத் தேய்த்த செம்பு மாதிரி இருக்கிறது.

பக்கம் இன்னும் ஒட்டவில்லை. அமிலமில்லாத அட்டை வர ஒரு வாரம் ஆகும், மைதாப் பசை என்றால் நோட்டுக்கு வந்த பூச்சி இதற்கும் வரும். அதற்குள் கை சும்மா இருக்குமா? அதே நோட்டில் சின்ன அப்பத்தா பக்கத்தைப் புரட்டிவிட்டேன். பார்த்திப வருஷம், புரட்டாசிக் கடைசி, 'ஸ்டேஷன் மணி இரவு 11-40'. நாழிகை இல்லை, கட்டமும் இல்லை. பார்த்திப வருஷத்துப் புரட்டாசி முடிவது 1945 அக்டோபர் நடுவில், அதாவது கடிகாரத்தைப் பழையபடி திருப்பிவைத்த அதே நாட்களில்.