திரும்பி வந்த அம்பு

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலைக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் எழுதும் வேலை. காட்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய், சூப்பர்வைசர் அண்ணனிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். பச்சைத் தோல் வரும், ஊறவைப்போம், சுண்ணாம்பு, டிரம்மில் குரோம் போட்டுப் பதனிடுவோம், அதில் வரும் நீலநிற ஈரத்தோல்தான் வெட் புளூ, அப்புறம் ஷேவிங், சாயம், காயவைத்தல், ஃபினிஷிங், அளவு. பதினாறு பக்கம் தட்டச்சு செய்து கொடுத்தேன். "சரியா இருக்குப்பா" என்று கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

ஒருநாள் மதியம், பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அதையே பென்சிலால் படமாகப் போட்டேன். வேலைக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குப் பெட்டி ஒரு அம்பு. எட்டிப் பார்த்தவர், "இன்னா தம்பி, ஒரே கோடா போட்டுக்கினு போற?" என்று பென்சிலை வாங்கினார்.

வெட் புளூ பெட்டிக்குப் பக்கத்தில் 'தரம் பிரிப்பு' என்று எழுதி மூன்று அம்புகள் இழுத்தார். ஒரு லாட், அதாவது ஒன்றாகப் போகும் தோல் தொகுதி, மூன்றாகப் பிரிகிறது. வேறு இரண்டு லாட்களிலிருந்து அம்புகளைக் கொண்டுவந்து ஒரே ஆர்டரில் சேர்த்தார். கடைசியாக ஃபினிஷிங்கிலிருந்து சாய டிரம்முக்கே திரும்பிப் போகும் ஒரு அம்பு. "கலர் ஒத்து வரலன்னா மறுபடியும் டிரம்முதான்."

"ஏண்ணா இத முன்னாடியே சொல்லல?"

"நீ அப்புறம், அப்புறம்னு கேட்ட. நானும் வரிசையா சொன்னேன்."

அந்தப் பதில் இன்னும் மனதில் நிற்கிறது. 'அப்புறம்' என்று கேட்டால் எந்த வேலையும் நேர்கோடாகத்தான் வரும். பிரிவதும் சேர்வதும் திரும்புவதும் பேச்சில் நழுவிவிடுகின்றன. தாளில் அவற்றுக்கு இடம் இருக்கிறது.

என் வடிவமைப்பில் ஒரு தோலுக்குக் கடைசிவரை ஒரே லாட் எண். அது நிற்காது என்று அந்த மூன்று அம்புகளிலேயே தெரிந்துவிட்டது. எந்த லாட்டிலிருந்து எந்த லாட், எத்தனை தோல் என்பதற்குத் தனி அட்டவணை வேண்டும். கணினி அறிஞர் பீட்டர் சென் 1976-இல் முன்வைத்த, தரவுகளுக்கு இடையிலான உறவைக் காட்டும் படத்தில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரு சாய்சதுரம் வரும். ஒன்று பலவற்றோடும் பல ஒன்றோடும் சேரும் 'பல–பல' உறவு என்று கல்லூரியில் பரீட்சைக்குப் படித்தது. அதன் தேவை எனக்குப் புரிந்தது அந்தக் காலண்டர் தாளில்தான். ஆனால் அந்தப் படத்தை எங்கள் குழுவுக்கு மட்டுமே போட்டேன். மென்பொருள் வடிவமைப்பை வரைய 1997-இல் தரப்படுத்தப்பட்ட யூஎம்எல் குறியீடுகளும் அப்படியே. டிரம் பக்கத்தில் நிற்பவருக்குப் பெட்டியும் அம்பும் போதும். அதுவும் பென்சிலில். கணினியில் அச்சடித்துக் கொண்டுபோனால் திருத்தக் கை வராது.

அப்புறம் ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே அளவை எழுதினோம். பச்சைத் தோலுக்கு எண்ணிக்கையும் எடையும், முடிந்த தோலுக்குச் சதுர அடி. இதுவும் பதினாறு பக்கத்தில் தெளிவாக இல்லை.

தாளை மடிக்கப் போனேன். அண்ணன் கையை வைத்து நிறுத்தினார்.

"ராத்திரி ஷிப்ட்ல டிரம்மு பாதியில நின்னா? அதுக்குப் பொட்டி எங்க?"

மறுபடியும் பென்சிலை அவரிடம் கொடுத்தேன்.