ஐந்து வருட ரத்த கல்ச்சரை எண்ணி முடித்த கதை

2015 முதல் 2019 வரை ரத்த கல்ச்சரில், அதாவது நோயாளியின் ரத்தத்தைப் பாட்டிலில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில், வளர்ந்த கிருமிகள், எந்த ஆன்டிபயாட்டிக்கை எவ்வளவு தாங்கின என்று ஒரு அட்டவணை போட்டுத் தரச் சொன்னார்கள். லேபில் இருக்கிற டேட்டாதானே, எக்செல்லில் எண்ணினால் ரெண்டு நாள் வேலை என்று தலையாட்டிவிட்டேன். மூன்று மாதம் பிடித்தது.

முதல் அட்டவணையைப் பார்த்து எனக்கே பயம். கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவில், கடுமையான தொற்றுக்குக் கொடுக்கும் மெரோபெனெம் மருந்துக்கான எதிர்ப்பு கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது. வரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: ஒரே நோயாளி எண் பதினொரு முறை. ஐசியூவில் வாரக்கணக்கில் கிடந்தவர். காய்ச்சல் வந்தபோதெல்லாம் ரத்தம் எடுத்திருக்கிறார்கள், அதே கிருமி திரும்பத் திரும்ப வளர்ந்திருக்கிறது. ஒரு நோயாளிக்கு ஒரு வகைக் கிருமி என்றால் வருடத்தில் முதல் மாதிரியை மட்டுமே எண்ண வேண்டும் என்பது விதி. படித்த விதிதான், எண்ணும்போது மறந்துவிட்டது.

அடுத்தது தோல் கிருமிகள். ஊசி குத்தும் இடத்தைச் சரியாகத் துடைக்காவிட்டால் தோலில் இருப்பது பாட்டிலுக்குள் போய்விடும். பழைய பதிவுகளில் இனப்பெயர் இல்லாமல் வெறுமனே 'ஸ்டஃபைலோகாக்கஸ்' என்று நிறைய. தனித்தனியாக எடுத்த இரண்டு செட் ரத்தத்தில் ஒன்றில் மட்டும் வளர்ந்ததா (அப்படியென்றால் பெரும்பாலும் தோலிலிருந்து வந்தது), இரண்டிலுமா என்று ரிஜிஸ்டரைப் புரட்டிப் புரட்டியே ஒரு மாதம் ஓடியது. அதைப் பற்றி எழுதவே சலிப்பாக இருக்கிறது.

உண்மையில் என்னைச் சுற்றவைத்தது ஈ.கோலை. 2018 வரை ஓரளவு சமமாகப் போன சிப்ரோஃப்ளாக்சசின் எதிர்ப்புக் கோடு 2019இல் திடீரென்று செங்குத்தாக எழும்பியது. கிருமி ஒரே வருடத்தில் இப்படி மாறுமா? மாறியது கிருமி இல்லை, நம் அளவுகோல். லேப் சோதனைகளுக்கு அளவுகோல் வகுக்கும் அமெரிக்க அமைப்பான சி.எல்.எஸ்.ஐ. அந்த வருடம் எல்லையைக் கீழே இறக்கியிருந்தது. முன்பு எம்.ஐ.சி., அதாவது கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்தளவு, 1 வரை மருந்து கேட்கும் என்று எழுதினோம், இப்போது 0.25 வரைதான். அறிக்கைகளில் மருந்து கேட்கும் என்பதற்கான 'எஸ்' என்ற எழுத்து மட்டும் இருந்ததால், மெஷினின் நினைவகத்தைத் தோண்டி பழைய எம்.ஐ.சி. எண்களை எடுத்து, புது எல்லையை ஐந்து வருடத்துக்கும் போட்டேன். அந்தச் செங்குத்து காணாமல் போனது. எல்லா வருடமுமே எதிர்ப்பு அதிகம்தான், நாம்தான் பார்க்காமல் இருந்திருக்கிறோம்.

என்டெரோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியா சில வருடங்களில் முப்பது மாதிரிகூடத் தேறவில்லை. அவ்வளவு குறைவாக இருந்தால் சதவீதத்துக்கு அர்த்தமில்லை என்பதால் இரண்டிரண்டு வருடமாகச் சேர்த்தேன்.

இத்தனை சலித்தெடுத்த பிறகும் கிளெப்சியெல்லா கோடு இறங்கவில்லை. ஏற்றம் கொஞ்சம் குறைந்தது, திசை அதேதான். அது மட்டும் நிஜம்.

கூட்டத்தில் மூத்த டாக்டர் ஒருவர் அட்டவணையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "சரிம்மா, ராத்திரி நேரா எமர்ஜென்சிக்கு வர்றவருக்கு முதல் டோஸ் எதை எழுதட்டும்?" என்று கேட்டார். வெளியிலிருந்தே கிருமியோடு வந்தவரையும் வார்டில் தொற்றிக்கொண்டவரையும் நான் பிரித்திருக்கவில்லை. அட்மிஷன் தேதியையும் ரத்தம் எடுத்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இப்போது மறுபடி எண்ணிக்கொண்டிருக்கிறேன்.