தெரு பேரு இருக்குமா?

"தெரு பேரு இருக்குமா தம்பி?" என்று, ஆய்வுக்காக நான் போயிருந்த வீட்டின் அம்மா கேட்டார்.

"இருக்கும்மா. ஊரு, தெரு எல்லாம் எங்ககிட்ட இருக்கும். வெளிய யாருக்கும் தரமாட்டோம்" என்றேன்.

அவர் மகனைப் பார்த்தார். மகன் கையில் குரூப் 4 கைடு இருந்தது. அவன் தலையை நிமிர்த்தவில்லை. "அப்ப இந்துன்னே போட்டுக்குங்க" என்றார்.

நான் நாற்காலியில் உட்காரும்போதே, "நேத்து வந்திருந்தீங்கன்னா ஆளே இருந்திருக்க மாட்டோம், மாதா கோவில்ல சப்பரம்" என்று சொன்னவர் அவர். மாமியார் காலத்திலிருந்தே ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்) என்பதையும் நான் கேட்காமலே சொல்லியிருந்தார். அதெல்லாம் பேச்சு. டேப்லெட்டில் மதம் என்ற கேள்வி வந்ததும் பேச்சு நின்றுபோய், என் கேள்விக்கு முன் அவருடைய கேள்வி வந்துவிட்டது. நான் 'இந்து' என்று பதிந்தேன். அடுத்துக் களப்பணியாளர் தானே பார்த்து நிரப்ப வேண்டிய கட்டம் ஒன்று உண்டு: வீட்டில் தென்படும் மத அடையாளங்கள். சுவரில் மாதா படம், ஆணியில் ஜெபமாலை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

எங்களுடையது பொதுவாழ்வில் மதத்தின் இடம் பற்றிய ஆய்வு. மாதத்தில் எத்தனை முறை வழிபாட்டுத் தலத்துக்குப் போகிறீர்கள், மதத் தலைவர்கள் அரசியல் பேசலாமா, வேறு மதத்தவர் பக்கத்து வீட்டுக்கு வந்தால் சம்மதமா என்றெல்லாம் கேட்போம். அந்த வீட்டில் மதமும் அரசாங்கமும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் எது என்பதை மட்டும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அந்த இடம் தாசில்தார் கையெழுத்திட்ட சாதிச் சான்றிதழ். மகனுக்கு அதில் 'இந்து ஆதிதிராவிடர்' என்று இருக்கிறது.

1950ஆம் ஆண்டின் ஜனாதிபதி ஆணை, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியில்தான். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர், எத்தனை தலைமுறை ஆனாலும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். பட்டியல் சாதிக்கான 18 சதவீத இடஒதுக்கீட்டை விட்டுவிட்டு, நிலமும் படிப்பும் உள்ள சாதிகளோடு 26.5 சதவீதத்தில் போட்டியிட வேண்டும். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போய்விடும். தெரு மாறாது, அடுத்த தெருக்காரர் பார்க்கும் பார்வையும் மாறாது. காகிதம் மட்டும் மாறும்.

அந்தப் பையன் புதுச்சேரி வழக்கைப் பற்றிப் படித்திருந்தான். எழுத்தர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட ஒரு பெண், ஞானஸ்நானம் பெற்றுத் தேவாலயத்துக்கும் போய்வருகிறவர் என்பதால் அவருடைய கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தள்ளுபடி செய்தது. உண்மையான நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் சொல்வது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றும் அந்தத் தீர்ப்பு கூறியது. நான் கிளம்பும்போது வாசல்வரை வந்த பையன், "அந்த கேஸ்லயும் விசாரிச்சுத்தானே சார் கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டான். விசாரணை என்பது வருவாய்த் துறை செய்வது, நாங்கள் செய்வது ஆய்வு என்றேன். இரண்டுக்கும் யாரோ ஒருவர் வந்து அதே நாற்காலியில்தான் உட்காருகிறார். அவன் பார்வையில் என்ன வித்தியாசம் இருந்திருக்கும்?

ஆய்வுக் குழுத் தலைவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. பொறுமையாகத்தான் பேசினார். "பெயரும் அடையாளமும் வெளியிடப்படாது என்று சம்மதப் படிவத்தில் இருக்கிறது. அதுதான் உண்மை, அதுவே போதும். நீங்கள் கூடுதலாகச் சொன்னதால் ஒரு பதில் மாறிவிட்டது. இப்போது நம்மிடம் இருப்பது அவர் மதம் அல்ல, அவர் பயம்" என்றார். அடையாளக் கட்டத்தையாவது நினைவிலிருந்து நிரப்பித் தாருங்கள், அதை வைத்துத் தனியாக வகைப்படுத்தலாம் என்றும் கேட்டார். மாட்டேன் என்றேன். வாயால் 'இந்து' என்று சொன்ன ஒருவரின் சுவரைச் சாட்சிக்கு இழுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இப்போதும் படவில்லை.

அதோடு, அந்த அம்மா கேட்டது வெளியிடுவதைப் பற்றி அல்ல. எங்களிடம் இருக்குமா என்பதைப் பற்றி. அதற்குப் படிவத்தில் இருக்கும் வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லியிருந்தால் பொய்யும் ஆகாது, பதிலும் ஆகாது. டேப்லெட் நான் உட்கார்ந்த இடத்தைக்கூடப் பதிந்துகொள்கிறது. முப்பது, நாற்பது வீடுகள் உள்ள ஒரு தெருவில் அது போதும்.

இவ்வளவு தெளிவாக எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க முடிகிறதா என்றால், இல்லை. காரணம் சூசை.

சூசை சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர், ஆதிதிராவிடக் கிறிஸ்தவர். அந்தத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு இல்லை என்றார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் தீர்ப்பு வந்தது: மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு சாதிக் கொடுமை தொடர்கிறது என்று காட்ட வேண்டும், அதற்குப் போதிய ஆதாரம் முன்வைக்கப்படவில்லை. அதாவது, நீதிமன்றம் கேட்டது எங்களைப் போன்றவர்கள் சேகரிக்க வேண்டிய ஒன்றைத்தான். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதக் கட்டுப்பாட்டை நீக்கச் சொன்னது, நீக்கவில்லை. 2022இல் நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைந்தது. 2023இல் தமிழ்நாடு சட்டமன்றம் இவர்களையும் பட்டியல் சாதியில் சேர்க்கக் கோரித் தீர்மானம் போட்டு அனுப்பியது. ஒவ்வொரு முறையும் இவர்கள் எத்தனை பேர், எப்படி வாழ்கிறார்கள் என்ற கேள்வி எழுகிறது. எண்ணிக்கை இல்லாததால் உரிமை வருவதில்லை. உரிமை இல்லாததால் எண்ணிக்கைக்குள் வர யாருக்கும் துணிவு இல்லை. அந்த வட்டத்தில் நானும் ஒரு வீட்டை 'இந்து' என்று போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அதே தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். பிள்ளைகளுக்கும் சேர்த்துக் 'கிறிஸ்தவ ஆதிதிராவிடர், பிசி' என்றே வாழ்நாள் முழுவதும் எழுதியவர். மதம் என்று நான் கேட்டு முடிப்பதற்குள், "கிறிஸ்டியன். தெரு பேரும் போடுங்க, என் பேரும் போடுங்க" என்றார். பிறகு கொஞ்சம் குரல் தாழ்த்தி, "மறைச்சு மறைச்சுத்தான் தம்பி நாங்க இல்லாமலே போயிட்டோம். எங்க புள்ளைங்களுக்கு வேலை கிடைக்கல, சரி. எங்க கணக்கு எங்க?" என்றார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. இரண்டு வீடு தள்ளி என்ன பதிவாகியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். என்னிடம் கேட்கவில்லை.

அவர் பேச்சைக் கேட்டபோது எறையூர் நினைவுக்கு வந்தது. அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ஊர் அது. 2008 மார்ச்சில், தங்களுக்கெனத் தனிப் பங்கு (தனிக் குருவோடு இயங்கும் தேவாலயப் பிரிவு) கேட்ட தலித் கத்தோலிக்கர்களுக்கும் அதே தேவாலயத்தின் வன்னியக் கத்தோலிக்கர்களுக்கும் மோதல் வந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. தேவாலயத்துக்குள்ளும் சாதி இருக்கிறது என்று அந்த மக்கள் மறைந்து நின்று சொல்லவில்லை, தெருவில் இறங்கிச் சொன்னார்கள். அப்படிப்பட்ட மண்ணில் ஒருவருக்கு 'உங்களைப் பாதுகாக்கிறேன்' என்று நான் நினைத்துக்கொள்வதில் ஒரு பெரியமனிதத்தனம் ஒளிந்திருக்கிறதோ? அந்த அம்மாவைப் பாதுகாத்தது நான்தானா? அவர் தன்னைத்தானே பாதுகாத்துக்கொண்டார். நான் செய்தது அவர் கேட்ட தகவலைக் கொடுத்தது மட்டும். இப்படி நினைத்தால் கொஞ்சம் ஆறுதல். ஆனால் அந்தத் தகவலை நான் சொன்ன முறையில், குரலில், 'ஜாக்கிரதை' என்ற ஒன்று கலந்திருந்ததா என்று பிறகு யோசித்தேன். இருந்திருக்கலாம். எனக்கும் அந்தப் பையன் தேர்வு எழுத வேண்டும் என்றுதான் இருந்தது.

பதிலளிப்பவர் சொல்வதை மட்டும் பதிவு செய்யுங்கள் என்பார்கள் பயிற்சியில். அவர் இரண்டும் சொன்னார். 'ஆர்.சி.' என்று விருந்தாளியிடம், 'இந்து' என்று படிவத்திடம். இரண்டில் ஒன்றைப் பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவர் மாதாவைக் கும்பிடுவது உண்மை. பட்டியல் சாதிக்காரர் என்று ஊர் அவரை நடத்துவதும் உண்மை. இரண்டையும் ஒரே வரியில் சொல்லும் உரிமையைத்தான் சட்டம் தரவில்லை. எங்கள் படிவமும் சட்டத்தின் அச்சிலேயே வார்க்கப்பட்டிருக்கிறது: மதத்துக்கு ஒரு கட்டம், ஒரு விடை, அடுத்த கேள்வி.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் பட்டியல் சாதி என்று பதிய வேண்டுமானால் இந்து, சீக்கியர், பௌத்தர் மூவரில் ஒருவராக இருந்தாக வேண்டும். 2027 கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளையும் எண்ணப் போகிறார்கள். அந்த வீட்டுக்குப் போகப்போகிறவர் அனேகமாக உள்ளூர்ப் பள்ளி ஆசிரியராக இருப்பார். சப்பரம் எந்தத் தெரு வழியாக வரும் என்பதுவரை தெரிந்தவர். அவரிடம் அந்த அம்மா என்ன சொல்வார்?

எங்கள் ஆய்வின் அடுத்த கட்டத்துக்கான சம்மதப் படிவத்தை என்னையே எழுதச் சொன்னார்கள். 'உங்கள் ஊர், தெரு விவரம் ஆய்வுக் குழுவிடம் இருக்கும்' என்று ஒரு வரி சேர்த்தேன். தலைவர் அதை அடித்துவிட்டு அனுப்பினார். நான் மறுபடி சேர்த்து அனுப்பினேன். இந்த வரி இருந்தால் இன்னும் எத்தனை வீடுகள் 'இந்து' ஆகும், அப்புறம் யாருக்காக இந்த ஆய்வு என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. வரியை எடுக்கவும் கை வரவில்லை. படிவம் இன்னும் முடிவாகவில்லை.