நாகூரில் சந்தனக்கூடு இரவு

நாகூர் தர்காவின் கந்தூரி, அங்கே அடங்கியிருக்கும் பெரியவரின் நினைவாக நடக்கும் 14 நாள் விழா. இஸ்லாமிய மாதமான ஜமாதுல் ஆகிரின் பிறை பார்த்துக் கொடியேற்றுவார்கள். பத்தாம் இரவு சந்தனக்கூடு, அதாவது சந்தனம் சுமந்து வரும் அலங்கார ரத ஊர்வலம். அம்மாவுக்கு ஒரு நேர்த்திக்கடன் பாக்கி இருந்தது. அதனால் அந்த இரவையே பார்த்துப் போனோம்.

நாங்கள் இந்துக்கள். நாகூர், சிக்கல், வேளாங்கண்ணி மூன்றையும் ஒரே பயணத்தில் கும்பிட்டு வருகிற குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. தர்காவில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டகை வடக்கே மாணிக்கப்பூரில் பிறந்து, 16ஆம் நூற்றாண்டில் இந்தக் கடற்கரைக்கு வந்து தங்கியவர். ஊர்க்காரர்களுக்கு அவர் ‘எஜமான்’. தஞ்சை மன்னர் அச்சுதப்ப நாயக்கரின் நோயைத் தீர்த்தார் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. அதைக் கட்டியவர் மராட்டிய மன்னர் பிரதாப சிங். பிள்ளை வரம் கிடைத்த நன்றிக்காகக் கட்டினார் என்கிறார்கள். அரசனும் இங்கே கேட்க வந்தவன்தான்.

கடலோடிகளுக்கு எஜமான் இன்னும் நெருக்கம். நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலைக் காப்பாற்ற, முடி மழித்துக்கொண்டிருந்த எஜமான் தன் கையிலிருந்த கண்ணாடியை வீச, அது போய் ஓட்டையை அடைத்ததாம். கொடி ஊர்வலத்தில் கப்பல் வடிவ ரதங்கள் வருவது சும்மா இல்லை. அந்தக் கடல்வழியே போனவர்கள்தான் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் பெயரில் தர்கா எழுப்பினார்கள்.

அலங்கார வாசல் பக்கம் காணிக்கைத் தகடு விற்கும் கடைகளில் கை, கால், கண், வீடு, படகு என்று எல்லா வடிவமும் இருக்கின்றன. அம்மா ஒரு கால் வாங்கினாள். பக்கத்தில் நின்ற பெண் தொட்டில் வாங்கினாள். யாருக்கு என்ன குறை என்று கேட்காமலே தெரிந்துவிடுகிறது. உள்ளே வராண்டாவில் பாய் விரித்துக் கிடந்தவர்களில் சிலர் வாய்விட்டு அழுதார்கள். யாரும் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. சொந்த வீட்டில்கூட அழ இடமில்லாத எத்தனையோ பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

தர்கா வழிபாட்டை ஏற்காத முஸ்லிம்களும் உண்டு. இறைவனிடம் நேரே கேட்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை, அதை மதிக்கிறேன். ஆனால் துயரத்தோடு வருகிறவரை ‘நீ யார்’ என்று கேட்காமல் உட்கார வைக்கும் இடம் ஒரு ஊருக்குக் கட்டாயம் வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சந்தனக்கூடு நாகப்பட்டினத்தில் புறப்பட்டு இரவெல்லாம் ஊர்ந்து வருகிறது. வழிநெடுக வீட்டு வாசல்களில் எல்லா மதத்தாரும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். விழாவுக்கான சந்தனக் கட்டைகளை அரசே விலையில்லாமல் தருகிறது. விடியும் முன்னே தர்காவின் சமயத் தலைவரான கலீபா சந்தனத்தை உள்ளே கொண்டுபோய், ஆண்டகையின் அடக்கத் தலமான ரவுலாவில் பூசினார். நெரிசலில் எனக்கு எதுவும் தெரியவில்லை. நறுமணம் மட்டும் வந்து சேர்ந்தது. எனக்காகக் கேட்க நினைத்து வந்ததெல்லாம் அந்த நிமிடத்தில் மறந்தே போனது. அம்மாவின் கால் வலி குறைய வேண்டும் என்பது மட்டும் மனதில் நின்றது.

சந்தனம் பூசியதும் பலர் பஸ் ஏறிவிடுகிறார்கள். அப்புறம் பீர் எனப்படும் பக்கீர் கடற்கரைக்குப் போகும் நிகழ்ச்சி இருக்கிறது. போகிறவர்கள் அதையும் இருந்து பார்த்துவிட்டு வாருங்கள்.