கடைசிப் பக்கத்தில் எழுதுகிறவர்கள்

நூலகப் புத்தகத்தில் எதுவும் எழுதக் கூடாது என்று சொல்லித்தான் உறுப்பினர் அட்டையைக் கொடுக்கிறோம். எழுதத்தான் செய்வார்கள். துப்பறியும் நாவலின் மூன்றாம் பக்கத்திலேயே "கொலைகாரன் தம்பிதான்" என்று எழுதி அடுத்தவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளும் ஆசாமிகள் உண்டு. குடும்பக் கதைகளின் கடைசிப் பக்கத்தில் "சூப்பர்", "அழுதுவிட்டேன்" என்று இருக்கும். பென்சில் என்றால் அழித்துவிடுவேன். பேனா என்றால் விட்டுவிட வேண்டியதுதான்.

கடலூரில் ஒரு கிளை நூலகத்தில் நூலகராக இருக்கிறேன். இத்தனை வருஷத்தில் கடைசிப் பக்கத்தில் சண்டையே நடந்த புத்தகம் என்றால் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். இமையத்தின் 'செல்லாத பணம்' நாவல். முதலில் நீல மையில், "இப்படி எழுதி யாருக்கு என்ன லாபம்? மனசு கெட்டதுதான் மிச்சம்." அதன் கீழே கறுப்பு மையில், "நடக்காததையா எழுதிவிட்டார்?" அதற்கும் கீழே பென்சிலில், "பெண் பிள்ளை பெற்றவர்கள் கட்டாயம் படிக்கவும்." அந்தப் 'பெண்' என்பதை அடித்துவிட்டு மேலே 'ஆண்' என்று திருத்தியிருக்கிறார் இன்னொருவர். இந்தப் பென்சிலை மட்டும் நான் அழிக்கவில்லை. விதிப்படி தப்புதான்.

நாவல் 2018இல் வந்தது. 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது இதற்கு என்று 2021 மார்ச்சில் அறிவித்ததும் கேட்டு வர ஆரம்பித்தார்கள். இமையம் நம் மாவட்டத்துக்காரர், கழுதூரில் பிறந்து விருத்தாசலத்தில் இருப்பவர் என்பது ஒரு காரணம். "நம்ம ஊர் வாத்தியாராமே" என்று கேட்டு வந்தவர்களே அதிகம். அவர்களில் பாதிப் பேர் அதற்கு முன் அவரை ஒரு வரிகூடப் படித்ததில்லை. ஊர்ப் பெருமைக்காக எடுத்துப் போனார்கள், வேறு முகத்தோடு திரும்பி வந்தார்கள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆசிரியர் வீட்டுப் பெண் ரேவதி, பொறியியல் படித்தவள். பர்மாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ரவி, ஆட்டோ ஓட்டுகிறான். வீட்டில் எவ்வளவோ தடுத்தும் அவனையே கட்டிக்கொள்கிறாள். அப்புறம் குடி, அடி, சண்டை. ஒரு நாள் உடம்பெல்லாம் தீக்காயத்தோடு அவளைப் பாண்டிச்சேரி ஜிப்மருக்குக் கொண்டு போகிறார்கள். நாவலின் பெரும்பகுதி அந்தத் தீக்காயப் பிரிவிலும் அதன் வாசலிலும்தான். அப்பாவிடம் பணம் இருக்கிறது, ஓடியாட ஆள் இருக்கிறது. எதுவும் அவளைக் காப்பாற்றவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மதுரையிலோ கோவையிலோ இதைப் படிக்கிறவருக்கு ஜிப்மர் கதையில் வருகிற ஓர் ஆஸ்பத்திரி. கடலூர்க்காரருக்கு அப்படி இல்லை. கொஞ்சம் பெரிய கேஸ் என்றாலே இங்கே "பாண்டிக்குக் கொண்டு போயிடுங்க" என்பார்கள். ஒரு மணி நேர பஸ். வீட்டுக்கு ஒருவராவது ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டில் ராத்திரி கண்விழித்திருப்பார். ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் எங்கள் வாசகி. வாரா வாரம் வந்து ரமணிசந்திரனாகத் தேடி எடுப்பார். இந்தப் புத்தகத்தை இரண்டே நாளில் கொண்டு வந்தார்.

"என்னக்கா, பிடிக்கலையா?"

"முடிச்சிட்டேன் மேடம். நாத்தனாருக்காக நான் அங்க பாய் போட்டுப் படுத்திருக்கேன். டாக்டர் வெளிய வந்தா எல்லாரும் எந்திரிச்சு நிப்போம். அவரு நம்ம ஆளைப் பத்தி எதுவும் சொல்லாமப் போனா, அப்பாடான்னு உக்காருவோம். அதெல்லாம் இதுல அப்படியே இருக்கு."

நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று எதுவும் சொல்லவில்லை. அடுத்த புத்தகமாக ரமணிசந்திரனைத்தான் எடுத்தார்.

நாவல்மேல் கோபப்பட்டவர் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். காலையில் நூலகம் திறக்கும்போதே வந்துவிடுவார். நாளிதழ்களைக் கசங்காமல் மடித்து வைப்பவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனி மரியாதை. புத்தகத்தை மேசையில் வைத்த வேகத்திலேயே கோபம் தெரிந்தது. "ஏம்மா, இதையெல்லாம் வாங்குறதுக்கா நாங்க வீட்டு வரியோட சேத்து நூலக வரி கட்டுறோம்?" என்றார். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி வசூலாகும் வரிதான் எங்கள் புத்தகம், எங்கள் நாற்காலி, எங்கள் மின்விசிறி எல்லாம். அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. "எந்தப் புத்தகம் வாங்கணும்னு நாங்க முடிவு பண்றதில்ல சார்" என்று எப்போதும் சொல்லும் பதிலைச் சொன்னேன். விடவில்லை. "அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லச் சொல்லக் கேக்கல. பெத்தவங்க மேல என்ன தப்பு? எழுதினவரும் ஒரு வாத்தியார்தானே, அவருக்கே தெரிய வேணாமா?" என்றார். எந்த அத்தியாயத்தில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதுவரை வரிசையாக ஒப்பித்தார்.

இதை நான் பல பேரிடம் பார்த்தாகிவிட்டது. பிடித்தது என்று சொல்கிறவர்கள் "ரொம்ப நல்ல நாவல் மேடம், மனசு கனத்துப் போச்சு" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வார்கள். பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்கள்தான் வரி விடாமல் படித்திருப்பார்கள். பாதியில் கீழே வைத்தவர்கள் இருந்தார்கள், ஆனால் அவர்களுக்குக் கோபம் வரவில்லை. "வேற ஏதாவது குடுங்க" என்பதோடு சரி.

சோகம் தாங்காமல்தான் ஜனங்கள் இந்த நாவலைத் திட்டுகிறார்கள் என்று முதலில் நானும் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அது பொருந்தவில்லை. நம் ஆட்களுக்கா சோகம் ஆகாது? சாயங்காலம் ஆனால் தொலைக்காட்சியில் அழுகைதான் ஓடுகிறது. ஆனால் சீரியலில் இன்னார்தான் கெட்டவர் என்று முதல் வாரமே காட்டிவிடுவார்கள், நாமும் நிம்மதியாகத் திட்டிக்கொண்டே பார்க்கலாம். இந்த நாவலில் அந்த வசதி இல்லை. ரவியைக் காறித் துப்பலாம் என்று இருக்கும்போது அவன் தன் பக்கத்தைப் பேசுகிற இடம் ஒன்று வருகிறது. அப்பாவுக்காகப் பரிதாபப்பட்டால் அவருடைய வீம்பும் கூடவே நிற்கிறது. தீர்ப்பு சொல்லாமல் கதை முடிந்துவிடுவதால், அந்தத் தீர்ப்பைச் சொல்லும் வேலையை வாசகர்கள் எங்கள் மேசைக்குக் கொண்டு வருகிறார்கள். அவரவர் வீட்டில் எந்த இடத்தில் நிற்கிறார்களோ அந்த இடத்திலிருந்து சொல்கிறார்கள்.

மகள் பொறியியல் படிக்கும் ஒரு அப்பா, அரசு ஊழியர், படித்து முடித்த கையோடு மகள் பேரில் அதையே மறுபடி எடுத்துக்கொண்டு போனார். காரணத்தை மறைக்கவும் இல்லை. "படிச்சாத்தான் புத்தி வரும்" என்றார். திருப்பித் தர அந்தப் பெண்ணே வந்தாள்.

"அப்பா எதுக்குக் குடுத்தாருன்னு தெரியும் மேடம்."

"படிச்சியாம்மா?"

"ம். அவரை இன்னொரு தடவை படிக்கச் சொல்லியிருக்கேன். அந்த அப்பா வர்ற இடத்தையெல்லாம் எங்கப்பா தாண்டித் தாண்டிப் போயிருக்காரு."

கடைசிப் பக்கத்தில் 'பெண்' என்பதை அடித்து 'ஆண்' என்று எழுதியது அவளாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்கவில்லை.

எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்தில் இதைப் பேச எடுத்துக்கொண்டோம். வழக்கமாக நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் தேநீருக்காகக் காத்திருப்பார்கள். அன்றைக்குத் தேநீர் ஆறிப்போனது. ஒருவர் இது காதலுக்கு எதிரான நாவல் என்றார், இன்னொருவர் சாதிக்கு எதிரான நாவல் என்றார். ஒரு பெண் எழுந்து, "ரெண்டு குடும்பத்துலயும் அவகிட்ட யாராச்சும் ஒக்காந்து பேசினாங்களா? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றார். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் மட்டும் நாவலைக் குறை சொன்னார். ஆஸ்பத்திரிப் பேச்சு நீளம், ஒரே புலம்பல் திரும்பத் திரும்ப வருகிறது, மூன்றில் ஒரு பங்கு குறைத்திருக்கலாம் என்றார். எனக்கும் படிக்கும்போது அப்படித்தான் இருந்தது. ஆனால் ஜெராக்ஸ் கடை அக்கா அந்தப் பக்கம் எதையும் நீளம் என்று சொல்லவில்லை. அந்த வராந்தாவில் படுத்துக் கிடந்தவர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள் போலிருக்கிறது, சொன்னதையே சொல்லிக்கொண்டு. பெரியவர் சொல்வது வாசகனாகச் சரி. அதற்காக அந்தப் பக்கங்களை வெட்டச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதே பெரியவர்தான் பேச்சை 1966க்குக் கொண்டு போனார். நம் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்த ஜெயகாந்தன், ஆனந்த விகடனில் 'அக்னிப் பிரவேசம்' கதையை எழுதிய வருஷம். மழையில் நின்ற கல்லூரிப் பெண்ணை ஒருவன் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கெடுத்துவிடுகிறான். அவள் அம்மா முதலில் அடித்தாலும், பிறகு தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லிவிடுகிறாள். "எங்க வீட்டுத் திண்ணையில ரெண்டு கட்சி. எங்க பெரியப்பா பத்திரிகையையே நிறுத்திட்டாரு" என்றார் பெரியவர். ஜெயகாந்தன் அந்தச் சண்டையைச் சும்மா விடவில்லை. அந்த அம்மா அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகும் என்று எடுத்துக்கொண்டு, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார். அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான், மாமா கையைப் பிடிக்கப் பார்க்கிறார், அந்தப் பெண் கங்கா கடைசியில் குடியில் போய் விழுகிறாள். கதையில் நடந்த நல்லது பிடிக்காதவர்களுக்கு, நடக்காவிட்டால் என்ன ஆகும் என்று காட்டினார். அதற்கு 1972இல் சாகித்ய அகாதெமி விருது. "மொதக் கதையைத் திட்டின எங்க பெரியப்பா, நாவலைப் படிச்சிட்டு, இந்தப் பொண்ணை இப்படிச் சீரழிச்சிட்டானேன்னு அதுக்கும் திட்டினாரு" என்று பெரியவர் சொன்னபோது கூட்டமே சிரித்தது. ஓய்வு பெற்ற ஆசிரியரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

எங்கள் நூலகத்துக்குப் பக்கத்தில் ஆட்டோ ஸ்டாண்டு இருக்கிறது. சவாரி இல்லாத நேரத்தில் டிரைவர்கள் பேப்பர் படிக்க வருவார்கள். அவர்களில் ஒருவர் உறுப்பினரும்கூட. வரலாற்று நாவல் மட்டும்தான் எடுப்பார். கூட்டத்தில் நடந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ஆட்டோக்காரனைப் பத்தியாமே, குடுங்க மேடம்" என்று வாங்கிப் போனார். எனக்குக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. பத்து நாள் கழித்து வந்தார்.

"எல்லாரும் ஆட்டோக்காரன்னா குடிகாரன், பொண்டாட்டிய அடிக்கிறவன்னே எழுதுறாங்க. அந்த வருத்தம் இருக்கு. ஆனா இதுல அவன் பேசுற எடம் இருக்கு பாருங்க, அதை எவனும் எழுதினதில்ல. அதுக்காக அவன் செஞ்சது சரின்னு சொல்லல." கொஞ்சம் நிறுத்தி, "அந்த வாத்தியார் வீட்டுல ஒரு நாள் அவனை உக்காரச் சொல்லி சோறு போட்டிருந்தா?" என்றார். அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் தலையைத் தூக்கினார். "சோறு போட்டா மட்டும் குடியை நிறுத்திடுவானா?" என்றார். அரை மணி நேரம் பேசினார்கள். நூலகத்தில் அமைதி காக்கவும் என்ற பலகை அவர்கள் தலைக்கு மேலேயே தொங்கியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் வேறு யாரும் படித்துக்கொண்டிருக்கவும் இல்லை.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலக விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்று இரண்டு விதிகள் உண்டு. பயிற்சியில் மனப்பாடமாகச் சொல்வோம். இந்த மாதிரிப் புத்தகம் வந்தால்தான் அது எவ்வளவு சங்கடமான வேலை என்று தெரிகிறது. வீட்டில் இப்படி ஒரு சாவு நடந்த குடும்பங்கள் எங்கள் உறுப்பினர்களிலேயே இருக்கின்றன, சின்ன ஊரில் யாருக்கு என்ன நடந்தது என்பது தெரியாமல் இருக்காது. அவர்களுக்கு நானாக இதை எடுத்து நீட்ட மாட்டேன். அவர்களே கேட்டால் ஒரு வார்த்தை பேசாமல் பதிந்து கொடுத்துவிடுவேன். "இது உங்களுக்கு வேண்டாமே" என்று சொல்ல நான் யார்? நாவலில் அந்தப் பெண்ணுக்கு எல்லோரும் சொன்னது அதுதானே. புதிதாகக் கேட்டு வருகிறவர்களிடம் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அவள் பிழைக்க மாட்டாள் என்று. கதையை உடைக்கிறேன் என்று வாசகர் வட்டத்தில் புகார் வந்தது. தெரிந்துகொண்டு எடுத்துப் போகிறவர்கள் பாதியில் திருப்பித் தருவது குறைந்திருக்கிறது, ஆகவே அதை நான் நிறுத்தப்போவதில்லை.

போன மாதம் ஓய்வு பெற்ற ஆசிரியர் இமையத்தின் முதல் நாவலைக் கேட்டார். 'கோவேறு கழுதைகள்', 1994இல் வந்தது. தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும், அவர்களுக்கும் கீழாக வைக்கப்பட்ட ஆரோக்கியத்தின் குடும்பம், கூலியாகக் கிடைக்கும் தானியமும் சோறும் கண் முன்னாலேயே குறைந்துகொண்டு போகும் கதை. தலித்துகளுக்குள்ளேயே இருக்கும் மேல் கீழைக் காட்டிவிட்டார் என்று அதற்கும் அந்தக் காலத்தில் திட்டு விழுந்தது, அதைக் காட்டியதற்காகவே பாராட்டும் விழுந்தது. "அதுலயும் எல்லாரும் கஷ்டப்படுறாங்க சார், தெரிஞ்சே எடுக்கறீங்களா?" என்றேன். "இவரு என்னதான் சொல்ல வர்றாருன்னு பாக்கணும்மா" என்றார். எங்களிடம் ஒரே பிரதி. அதை ஆட்டோக்காரர் முந்தின நாளே எடுத்துப் போயிருந்தார். சார் ஸ்டாண்டுக்குப் போய், சீக்கிரம் முடித்துக் கொடு என்று அவரை அவசரப்படுத்திவிட்டு வந்தார்.