பழங்கத்தியும் பழப்புளியும்

சிங்களத்தில் பிஹா கெட்ட எனப்படும் கண்டிக் கத்தி யாழ்ப்பாணத்து நகைப் பட்டறைகளுக்கு எப்போதாவதுதான் வரும். வரும்போது பெரும்பாலும் ஒரே கோலம்: அலகு மினுங்கும், சித்திர வேலை தேய்ந்திருக்கும். வீட்டில் யாரோ பழப்புளி போட்டுத் தேய்த்திருப்பார்கள். பித்தளை விளக்குக்கு ஏற்றது இந்த இரும்புக்கு நஞ்சு.

ஒரு பக்கக் கூர், தடித்த முதுகு, பிடியை ஒட்டிய அடிப்பகுதியில் வெள்ளியோ பித்தளையோ பதித்துச் செதுக்கிய லியவெல என்னும் கொடிச் சித்திரம், தந்தத்திலோ கொம்பிலோ பிடி. கண்டி அரசரின் நான்கு பட்டறைகளான பட்டல் ஹத்தரவில் வளர்ந்த வேலை இது. 1815 இல் அரசு போக, அதைத் தாங்கிய கையும் போயிற்று. அழிந்த சித்திரக் கோடு ஒன்றை மறுபடி வெட்டினால் அது நம் கோடு, அவர்களுடையதல்ல.

வெள்ளியும் இரும்பும் தொடும் விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். கறள் முதலில் பிடிப்பது அங்கேதான். நம் உப்புக் காற்றின் ஈரத்தில் இரண்டு உலோகமும் சேர்ந்தால் கரைவது இரும்பு. கறள் இரும்பைவிட இடம் கூடப் பிடிக்கும். அதனால் பதித்த தகட்டை உள்ளிருந்து நெம்பும். நகத்தை ஓட்டும்போது தகட்டின் ஓரம் தட்டுப்பட்டால் கறள் தன் வேலையைத் தொடங்கிவிட்டதென்று அறியலாம். புளி அந்த இடுக்கில் இறங்கினால் கழுவி எடுக்கவே முடியாது.

மெல்லிய மெஷின் எண்ணெயைத் துளித்துளியாக விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, கூராக்கிய மூங்கில் குச்சியால் கறளைச் சுரண்டுங்கள். செங்கறள் மட்டும் போனால் போதும். இறுகிய கருமைப் படலம் இரும்பைக் காக்கிறது, அதை விடுங்கள். சாணைக் கல்லைக் கிட்டவும் கொண்டுவரக்கூடாது. எண்ணெயைத் துடைக்க ஸ்பிரிட் நல்லது, ஆனால் பிடிப்பக்கம் போகக்கூடாது: அது அரக்கைக் கரைக்கும்.

அரக்கில் இறுக்கிய பிடி ஆடினால் ஊதுகுழலை எடுக்காதீர்கள். அலகு நீலம் பாயும்போது வெப்பம் 300 பாகையைத் தொட்டிருக்கும். கூரின் உறுதி குறைந்துவிடும், தந்தமும் வெடிக்கும். அரக்கு இளக 80 பாகை அளவே போதும். துணியில் கட்டிய சூடான மணலை, ஒத்தடம் கொடுப்பதுபோல, அலகில் வைத்துப் பொறுத்திருந்தால் சூடு, பிடிக்குள் இறங்கும் அலகின் தண்டு வழியே தானாக உள்ளே போகும்.

காப்புக்குத் தேங்காயெண்ணெய் வேண்டாம், காறிப் புளித்து இரும்பை அரிக்கும். மெல்லிய மெழுகுப் பூச்சு போதும். மர உறை ஈரத்தைப் பிடித்து வைப்பதால் கத்தியையும் உறையையும் பக்கத்துப் பக்கமாக, தனித்தனியே வையுங்கள்.